ஆற்றுக் கப்பலும் பனிக்காலச் சந்தையும்

ஐரோப்பாவில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாத இறுதியில் ஒரு பயணக் காலம் தொடங்குகிறது. கடலில் செல்லும் பெரிய கப்பல் அன்று. ஆற்றில் செல்லும் நீண்டு ஒடுங்கிய கப்பல். அதில் ஏறுகிறவர்கள் பகலில் ஓர் ஊரில் இறங்கி, அங்கே கூடியிருக்கும் கிறிஸ்துமஸ் சந்தையைச் சுற்றிப் பார்ப்பார்கள். இரவில் கப்பலிலேயே உறங்குவார்கள். பொழுது விடியும்போது கப்பல் வேறோர் ஊரில் நிற்கும். இப்படி ஒரு வாரம் பயணம் செய்ய ஆளொன்றுக்குப் பல ஆயிரம் ரிங்கிட் செலவாகும்.

"இது வசதி படைத்தவர்கள் சமாசாரம். தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதனால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பயணிகள் கண்டு மகிழும் பொருள்களையெல்லாம் ஆக்கி வைத்தவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால், அங்கே மண் வெட்டிய கூலிகளும், உப்புப் படகு ஓட்டியவர்களும், சுரங்கத்தில் இறங்கியவர்களும், நெசவாளியின் மகனும் நிற்கிறார்கள். அவர்கள் கதை நமக்கு அந்நியமான கதை அன்று. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் நூரம்பெர்க் என்னும் பழைய நகரம் இருக்கிறது. அங்கிருந்து கப்பல் ஏறினால், ஒரு கால்வாய் வழியாக டான்யூப் ஆற்றை அடைந்து, ரீகன்ஸ்பர்க், பஸ்ஸாவ் ஆகிய ஊர்களைக் கடந்து, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குப் போய்ச் சேரலாம். டான்யூப் ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய ஆறு. சுமார் 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. 10 நாடுகளைத் தொட்டுச் செல்கிறது.

டிசம்பர் மாதத்தில் அங்கே கடுங்குளிர். மாலை 4 மணி தாண்டினால் இருட்டத் தொடங்கிவிடும். வயலில் வேலை இல்லை. மரங்களில் இலை இல்லை. அந்த இருண்ட நாள்களில், கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரங்களில், ஊர் நடுவே விளக்குகளை ஏற்றிச் சந்தை கூட்டுவது அம்மக்களின் நெடுநாள் வழக்கம். நூரம்பெர்க் சந்தையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள பழைய சான்று ஒரு சிறு மரப்பெட்டி. அது அந்தச் சந்தையில் வாங்கிய அன்பளிப்பு என்றும், ஆண்டு 1628 என்றும் அதன் அடியில் எழுதியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1945 ஜனவரி 2 அன்று விழுந்த குண்டுகளால் அந்தப் பழைய நகரம் தரைமட்டமாயிற்று. ஆயினும் 1948 ஆம் ஆண்டில், இடிபாடுகளுக்கு நடுவிலேயே, மக்கள் மீண்டும் சந்தையைக் கூட்டிவிட்டார்கள்.

அந்தச் சந்தைக்குள் நாமும் மனத்தால் நுழைவோம். மரத்தால் அடித்த சிறு சிறு கடைகள். மேலே சிவப்பும் வெள்ளையுமான கோடு போட்ட துணிக்கூரை. நம் ஊரில் தீபாவளிக்கு முன் கூடும் சந்தையைப் போலவே கூட்டம் நெரியும். மூக்கில் முதலில் ஏறுவது பலகார வாசனை. லெப்குகன் என்னும் இனிப்பு அந்நகருக்குப் பேர் வாங்கித் தந்தது. அதில் பருப்பு வகைகளும் தேனும் சேரும். அவற்றோடு பட்டை, கிராம்பு, ஏலம், சாதிக்காய், இஞ்சி முதலிய வாசனைப் பொருள்களும் சேரும்.

இங்கே சற்று நின்று யோசியுங்கள், தாய்மார்களே. பட்டையும் கிராம்பும் அந்தப் பனி நாட்டில் விளைவன அல்ல. கிராம்பும் சாதிக்காயும் நமக்குக் கிழக்கே உள்ள மலுக்குத் தீவுகளில் விளைந்தவை. 15 ஆம் நூற்றாண்டில் அவை கப்பல்களில் ஏறி நம்முடைய மலாக்காவுக்கு வந்தன. மலாக்காவில் கைமாறி, இந்தியாவின் மேற்குக் கரைக்கும் அரபு நாடுகளுக்கும் போய், வெனிஸ் நகர வணிகர் மூலம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நூரம்பெர்க் சென்றன. அந்நகரத்தார் வெனிஸோடு பெரும் வணிகம் செய்தவர்கள். அருகிலிருந்த காட்டில் தேன் எடுப்பவர்கள் இருந்தார்கள். தேனும் கிராம்பும் அங்கே கூடியதால் அந்தப் பலகாரம் பிறந்தது. நாம் குழம்புக்குத் தாளிக்கும் அதே சாமான்தான், அவர்களுக்குப் பண்டிகைப் பலகாரமாயிற்று.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். குளிருக்கு இதமாக, பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய திராட்சை மது அங்கே விற்பார்கள். பிள்ளைகளுக்கும் மது வேண்டாதவர்களுக்கும் மது சேராத பழச்சாற்றைச் சூடாக்கித் தருவார்கள். இரண்டையும் பீங்கான் குவளையில் ஊற்றிக் கொடுத்து, குவளைக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் பிடித்துக்கொள்வார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பி வரும். ஆகவே குவளை வீணாவதில்லை, குப்பையும் குறைகிறது. நம் கோயில் திருவிழாக்களில் எறிந்து கிடக்கும் பிளாஸ்டிக் குவளைகளை நினைத்துப் பார்த்தால், இது கற்றுக்கொள்ளத் தக்க பழக்கம் என்பது விளங்கும்.

சந்தையில் அடுத்து நம் பிள்ளைகளின் கண்ணைக் கவர்வது மரப் பொம்மைகள். கொட்டை உடைக்கும் அரசன், புகை விடும் கிழவன், மெழுகுவர்த்தியின் சூட்டில் தானே சுழலும் கோபுரம். இவற்றில் பல, ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் உள்ள எர்ஸ் மலைப்பகுதியில் செய்யப்படுகின்றன. எர்ஸ் என்றால் உலோகத் தாது என்று பொருள். அது சுரங்க நாடு. வெள்ளியும் ஈயமும் எடுக்க அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர்கள் பூமிக்குள் இறங்கினார்கள். குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்துக்குள் போவார்கள்; பொழுது சாய்ந்த பின்தான் மேலே வருவார்கள். பல நாள் சூரியனையே காண மாட்டார்கள். ஆகையால் வெளிச்சத்தின் மேல் அவர்களுக்குப் பெரிய ஆசை. வளைவான சட்டத்தில் மெழுகுவர்த்திகளை வரிசையாக வைத்துச் சன்னலில் ஏற்றும் வழக்கம் அவர்களிடமிருந்து வந்தது. இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போனவர்களுக்கு, அந்த ஆசையை நான் விளக்க வேண்டியதில்லை.

காலப்போக்கில் தாது குறைந்தது. 19 ஆம் நூற்றாண்டில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போயிற்று. அம்மக்கள் என்ன செய்தார்கள்? சுற்றிலும் காடு இருந்தது. ஓடும் தண்ணீர் இருந்தது. மரம் கடையும் பழக்கமும் கொஞ்சம் இருந்தது. பக்கத் தொழிலாக இருந்த பொம்மை வேலையை முழுத் தொழிலாக எடுத்துக்கொண்டார்கள்.

சைஃபென் என்னும் ஊரில் அவர்கள் கண்ட ஒரு முறை வியப்பானது. ஈரமரத்தில் வெட்டிய வட்டத் துண்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு, உளியால் மேடும் பள்ளமுமாகக் கடைவார்கள். கடைந்து எடுத்த வளையத்தைப் பார்த்தால் நமக்கு ஒன்றும் புரியாது. அதை அப்பம் அறுப்பதுபோல் துண்டு துண்டாகப் பிளந்தால், ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் ஒரு குதிரையாக, ஒரு பசுவாக, ஓர் யானையாகத் தெரியும்! ஒரே வளையத்தில் பல பத்து விலங்குகள். கடையும்போது விலங்கின் உருவம் கண்ணுக்குத் தெரியாது. கடைபவரின் கையும் மனமும்தான் அதை அறியும்.

ஆனால் நேயர்களே, அந்தத் திறமை உடனே வாழ்வு தந்துவிடவில்லை. வீட்டிலுள்ள எல்லாரும், சிறு பிள்ளைகள் உட்பட, இரவு பகலாக உட்கார்ந்து செதுக்கி, வண்ணம் பூசினார்கள். வாங்கிப் போன வணிகர்களுக்கு லாபம். செய்தவர்களுக்கு அரை வயிற்றுக் கஞ்சி. கைத்திறன் இருந்தது. ஆனால் அதற்கு என்ன விலை கேட்கலாம் என்னும் அறிவும், கேட்டுப் பெறும் வலிமையும் இல்லை. அவை பின்னால்தான் வந்தன. இன்று அந்த ஊரில் மரப் பொம்மை செய்வதைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி இருக்கிறது. மூன்று ஆண்டு பயின்று தேறியவர் சான்றிதழ் பெற்ற தொழிலாளி. வீட்டுத் திண்ணையில் இருந்த வேலை, படிப்பாகவும் மதிப்பாகவும் மாறியது.

இனிக் கப்பலுக்கு வருவோம். நூரம்பெர்க்குக்கும் டான்யூபுக்கும் நடுவே மேட்டு நிலம் இருக்கிறது. வகுப்பில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "தண்ணி பள்ளத்துக்குத்தானே சார் ஓடும், கப்பல் எப்படி சார் மேட்டுல ஏறும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. குழாயடித் தொட்டியில் ஒரு வாளியை மிதக்கவிட்டு, குழாயைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் ஏற ஏற, வாளியும் மேலே ஏறும். இதே கதைதான். கால்வாயில் ஆங்காங்கே, இரு பக்கமும் பெரிய கதவு வைத்த சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டியிருக்கிறார்கள். 'லாக்' என்று அதற்குப் பெயர். கப்பல் உள்ளே நுழைந்ததும் பின் கதவை மூடி, மேலிருந்து தண்ணீரை விடுவார்கள். சுமார் 20 நிமிடத்தில் தொட்டி நிறையும், கப்பலும் உயரும். பிறகு முன் கதவு திறக்கும். சில தொட்டிகளில் கப்பல் ஒரே தடவையில் 24 மீட்டருக்கும் மேல் ஏறுகிறது. நன்றாக வளர்ந்த ஒரு பால்மரத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பெர்க் என்னும் ஊரிலிருந்து கெல்ஹைம் வரை 171 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கால்வாயில் இத்தகைய தொட்டிகள் 16 உள்ளன. உச்சியில் கப்பல் கடல் மட்டத்துக்கு மேல் 406 மீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. தொட்டியின் அகலம் 12 மீட்டர். ஆகவே கப்பலின் அகலம் பதினொன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளம் மட்டும் 135 மீட்டர் வரை போகலாம். தாழ்வான பாலம் வந்தால் மேல்தளத்துக் கூரையை மடக்கி, மாலுமி நிற்கும் அறையையே கீழே இறக்கிவிடுவார்கள்.

இந்தக் கால்வாய் ஒரே நாளில் வந்ததன்று. 793 ஆம் ஆண்டில் சார்லமேன் என்னும் பேரரசர் அப்பகுதியில் முதன்முதலாக ஒரு வாய்க்கால் வெட்டச் சொன்னார். மழையில் கரை சரிந்து சரிந்து விழுந்தது என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பின், பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் காலத்தில், 1836 முதல் 1846 வரை, ஆயிரக்கணக்கான கூலிகள் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு ஒரு கால்வாயை வெட்டி முடித்தார்கள். அதில் சுமார் 100 தொட்டிகள். படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள் இழுத்தன. இரயில் வந்ததும் அதன் மவுசு குறைந்தது. 1950 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இப்போதுள்ள பெரிய கால்வாய் 1992 ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. அரசர் பெயர் ஏட்டில் இருக்கிறது. மண் சுமந்தவர் பெயர் எதிலும் இல்லை. ஆனால் கப்பல் மிதப்பது அவர்கள் உழைப்பின் மேல்தான்.

கப்பல் டான்யூபில் இறங்கி ரீகன்ஸ்பர்க் வந்து சேர்கிறது. 12 ஆம் நூற்றாண்டில் கட்டிய கல்பாலம் அங்கே இன்றும் நிற்கிறது. பாலத்தருகே ஒரு பெரிய உப்புக் கிடங்கு. ஆம், அந்நாளில் இந்த ஆறுகளில் சென்ற பெருஞ்செல்வம் உப்புத்தான். இறைச்சியும் மீனும் கெடாமல் இருக்க உப்பு வேண்டும். கடலோ வெகு தூரம். சால்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள மலைகளில் உப்பு எடுத்து, சால்சாக் ஆற்றில் படகில் ஏற்றி, பஸ்ஸாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூரில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுவதுபோல், பஸ்ஸாவில் டான்யூப், இன், இல்ஸ் என்னும் மூன்று ஆறுகள் கூடுகின்றன. அந்நகர மன்றத்துச் சுவரில் ஒவ்வொரு பெருவெள்ளமும் ஏறிய உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 2013 ஜூன் மாத வெள்ளம் 1501 ஆம் ஆண்டுக்குப் பிறகு கண்ட மிகப் பெரிய வெள்ளம்.

பஸ்ஸாவில் இறங்கும் பயணிகள் சிலர், பேருந்தில் ஏறி ஓபெர்ன்டோர்ஃப் என்னும் சிற்றூருக்குப் போகிறார்கள். அது உப்புப் படகோட்டிகளின் ஊர். குளிர்காலத்தில் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் கூலி இல்லை. அந்த மாதங்களில் அவர்கள் நாடகம் போட்டுப் பிழைத்தார்கள். அவ்வூரின் சிறு தேவாலயத்தில், 1818 டிசம்பர் 24 இரவில், ஒரு பாட்டு முதன்முதலாகப் பாடப்பட்டது. ஆங்கிலத்தில் 'சைலண்ட் நைட்' என்று வழங்கும் அந்தப் பாட்டை நீங்கள் எல்லாரும் எங்கேனும் கேட்டிருப்பீர்கள்.

அதை ஆக்கியவர் இருவர். சொற்களை எழுதியவர் யோசேஃப் மோர் என்னும் உதவிப் பாதிரியார். பின்னல் வேலை செய்து பிழைத்த ஓர் ஏழைத் தாயின் மகன் அவர். தகப்பன் கைவிட்டுப் போய்விட்டான். நல்ல மனம் படைத்த ஒருவர் படிக்க வைத்தார். பிற்காலத்தில் தாம் பணியாற்றிய வாக்ரைன் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைய அவர் பாடுபட்டார். இராகம் அமைத்தவர் ஃபிரான்ஸ் குரூபர். அவர் பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டோர்ஃபில் பள்ளி ஆசிரியர். துணி நெய்பவரின் மகன். சின்ன ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லும்போது மகிழ்ச்சி உண்டாகிறது.

மோர் அந்தச் சொற்களை எழுதியது 1816 ஆம் ஆண்டில். ஐரோப்பாவில் அது கோடையே இல்லாத ஆண்டு. விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்த ஆண்டு. அதற்குக் காரணம் நம் பக்கத்தில் இருந்தது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசிப்படலம் உலகையே சூழ்ந்து வெயிலை மறைத்தது. கிழக்கே ஒரு மலை வெடிக்க, மேற்கே ஏழையின் பானை காலியாயிற்று. அந்தக் கெட்ட காலத்தில்தான் அமைதியைப் பற்றிய பாட்டு எழுந்தது.

அது உலகம் சுற்றியதும் உழைப்பாளிகளால்தான். ஆர்கன் பழுதுபார்க்க வந்த ஒரு கைவினைஞர் அதைத் தம் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து கையுறை தைத்து விற்கும் ஒரு குடும்பத்தார், 1831 ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தைக்குச் சரக்கோடு சென்றபோது, அந்தப் பாட்டையும் பாடினார்கள். சந்தையில் கையுறை விற்றது; பாட்டு பரவியது. இன்று அது 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடப்படுகிறது.

இத்தனையும் கண்டுகொண்டு பயணிகள் வியன்னா நோக்கிப் போகிறார்கள். அவர்கள் சந்தைக்கு இறங்கியபின் கப்பலில் என்ன நடக்கிறது? அறை கூட்டுவோர், துணி வெளுப்போர், சமைப்போர், கயிறு இழுப்போர் வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். ருமேனியா, ஹங்கேரி, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்களில் பலர். பண்டிகை நாளில் அவர்கள் பிள்ளைகள் வேறெங்கோ இருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கப்பல் தரை தட்டும். மிகுந்தால் பாலத்தின் கீழ் நுழையாது. அப்போது பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு காசு கொடுத்தவரானாலும் ஆற்றின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியவர்தான்.

அன்பு நேயர்களே, இக்கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் தோட்டங்களிலும் மாற்றத்தைப் பார்த்தோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் எழுந்த தோட்டங்கள் உண்டு. சுரங்கம் மூடிய நாளில் அந்த மலை மக்கள் நின்ற இடத்தில்தான் நம் குடும்பங்கள் பலவும் நின்றன. அவர்களைக் காப்பாற்றியது கையில் இருந்த தொழில். ஆனால் தொழில் மட்டும் இருந்த காலத்தில் அவர்கள் பட்டினியும் கிடந்தார்கள். தொழிலோடு படிப்பும் சேர்ந்தபோதுதான் செய்த பொருளுக்கு உரிய விலை கிடைத்தது. பிள்ளைகளை இரவெல்லாம் வேலை வாங்கும் கொடுமையும் நீங்கியது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகன் மரம் இழைப்பதில் விருப்பம் காட்டினால், மகள் தையலிலோ சமையலிலோ மின்சார வேலையிலோ கைத்திறன் காட்டினால், "இது எதற்கு" என்று தடுக்காதீர்கள். அந்தத் திறமையை நம்பி ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிடவும் வேண்டாம். முறையான தொழிற்பயிற்சிக்கு அனுப்பிச் சான்றிதழ் பெறச் செய்யுங்கள். கணக்கு எழுதவும், செய்த பொருளுக்கு விலை போடவும், ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும் கற்றுக்கொடுங்கள். மாணவச் செல்வங்களே, உலகப் படத்தை விரித்து வைத்து, நூரம்பெர்க்கிலிருந்து வியன்னா வரை விரலால் ஒருமுறை பயணம் செய்து பாருங்கள். பிறகு மலாக்காவிலிருந்து வெனிஸ் வழியாக நூரம்பெர்க்குக்கும் ஒரு கோடு போடுங்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கிராம்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது தெரியும்.